பாதி தீர்ந்த பவுடர் டப்பா

ஓசூரில் சம்பளம் விழுந்த முதல் சனிக்கிழமை மாலை ஒரு கடை எப்படி இருக்கும் என்பது அங்கே நின்று வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிடும். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். பில் போடும் வரிசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் கேட்கும். அப்படியொரு சூப்பர் மார்க்கெட்டில் 11 வருடம் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருந்தேன். இப்போது பாகலூர் சாலையில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பழைய கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. 2016-ல் அந்தக் கடையில் நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன்.

மாலை 7.20 இருக்கும். வாசலில் மணி அடித்தது. ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண், 21 வயது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை. கையில் 212 ரூபாய்க்குப் பில் இருந்தது. சோப்பு, தேங்காய் எண்ணெய், நாப்கின் எல்லாம் பில்லோடு சரியாக இருந்தன. செக்யூரிட்டி அவருடைய தோள்பையை வாங்கித் திறந்தார். உள்ளே ஒரு பவுடர் டப்பா. எங்கள் கடையில் விற்கும் அதே கம்பெனி, அதே அளவு. பில்லில் இல்லை.

“சார், அது ஹாஸ்டல்ல இருந்து கொண்டு வந்தது சார். நான் யூஸ் பண்றது.”

“எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. உள்ள வா” என்றேன்.

கடைக்குப் பின்னால் சரக்கு ரூம். பிஸ்கட் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடத்தான் இடம். அவருடைய போனை வாங்கி என் மேசை டிராயரில் வைத்தேன். கதவைப் பூட்டவில்லை. செக்யூரிட்டியை வெளியே நிற்க வைத்தேன். ஹாஸ்டல் கேட் ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைக்கு வெளியே காத்திருந்த தோழியிடம், “இப்போ வந்துடுவாங்க” என்று ஆள் அனுப்பிச் சொன்னேன்.

எங்கள் ஃபைலில் ஒரு கடிதம் டைப் அடித்துத் தயாராக இருக்கும். பெயர், தேதி, பொருள் மூன்றுக்கும் இடம் விட்டிருப்போம். “நான் திருடியதை ஒப்புக்கொள்கிறேன். இனி இப்படிச் செய்ய மாட்டேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.” அதில் கையெழுத்துப் போட்டு, பொருளின் விலையைப் போல் பத்து மடங்கு கட்டினால்தான் வெளியே விடுவோம். 120 ரூபாய் டப்பாவுக்கு 1,200 ரூபாய். அவரிடம் 700 இருந்தது. மீதியைத் தோழி எங்கெங்கோ கேட்டு வாங்கி வந்து கொடுத்தாள். டப்பாவைக் கையில் பிடிக்க வைத்து ஒரு போட்டோவும் எடுத்தோம். அவர் வெளியே போகும்போது மணி 9.30.

மறுநாள் இரவு இருப்புக் கணக்கு எடுத்தோம். அந்தப் பவுடரில் கம்ப்யூட்டர் 38 காட்டியது. ரேக்கிலும் 38 இருந்தது. பிடித்து வைத்திருந்த டப்பாவை அப்போதுதான் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். பாதி தீர்ந்திருந்தது. மூடியின் ஓட்டைகளில் பவுடர் கட்டி கட்டியாக அடைத்திருந்தது. நாள்பட உபயோகித்த டப்பா என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். முந்தின நாள் ஒரு தடவை கையில் வாங்கி எடையைப் பார்த்திருந்தால் போதும். மணி ஏன் அடித்தது என்பதும் பிறகு தெரிந்தது. அந்தத் தோள்பை புதிது. பெங்களூரில் ஒரு பெரிய கடையில் வாங்கியது. அதன் உள்பாக்கெட்டில் அந்தக் கடைக்காரர்கள் செயலிழக்கச் செய்யாமல் விட்ட டேக் ஒட்டியிருந்தது. தோழி வந்து சத்தம் போட்டபோது இதைச் சொன்னாள். மேனேஜரிடம் சொன்னேன். “விடு, கையெழுத்துப் போட்டிருக்கா இல்ல” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஹாஸ்டலில் இருந்து அப்பாவுக்குப் போன் போனது. அந்த வாரமே பெண்ணை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். வேலை போனது.

14 மாதம் கழித்து அவருடைய அண்ணன் ஒரு வக்கீலோடு கடைக்கு வந்தார். வரன் பார்க்கிற இடத்துக்கு அந்த போட்டோ போயிருக்கிறது. அண்ணன் பணம் கேட்கவில்லை. “அந்த லெட்டரைக் குடுத்துடுங்க சார், தங்கச்சி மேல தப்பில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க” என்றார். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் தலைமை அலுவலகம் அனுப்பிய பதிலை நான் படித்தேன். நஷ்டஈடு கேட்கும் காலம் கடந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள்.

அந்த பதில் சட்டப்படி சரிதான். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஒருவரை அநியாயமாக அடைத்து வைத்ததற்கு சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்க, 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் கொடுக்கும் கெடு ஒரே வருடம். அடைப்பு முடிந்த அன்றிலிருந்து கணக்கு. அந்தப் பெண்ணின் கெடு அந்த இரவு 9.30 மணிக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. அழுகை ஓய்ந்து, வீட்டில் வாயைத் திறந்து, அண்ணனுக்கு விஷயம் தெரிந்து, வக்கீலைத் தேடிப் பிடிப்பதற்குள் வருடம் ஓடிவிட்டது. வாயால் சொல்லி, போட்டோவைப் பரப்பி மானத்தைக் கெடுத்ததற்கு வழக்குப் போடவும் ஒரு வருடம்தான்.

ஆனால் வேறு இரண்டு வழிகள் அப்போதும் திறந்திருந்தன. இதைப் பின்னால் ஓசூர் கோர்ட்டில் பழக்கமான ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் 212 ரூபாய்க்குப் பில் போட்டவர். ஆகவே நுகர்வோர். கடைக்குள் அவரை நடத்திய விதமும் சேவைக் குறைபாடுதான் என்று நுகர்வோர் மன்றத்தில் வாதிட இடமிருந்தது. அங்கே கெடு இரண்டு வருடம். இன்னொன்று கிரிமினல் பக்கம். சும்மா அடைத்து வைத்தால் ஒரு வருடம் வரை சிறை. ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதற்காக அடைத்து வைத்தால் மூன்று வருடம் வரை சிறை. அந்தக் குற்றத்துக்குப் புகார் கொடுக்கும் காலமும் மூன்று வருடம். எந்தக் கடிதத்தைக் கேடயம் என்று நினைத்து ஃபைலில் பத்திரப்படுத்தினோமோ, அதுதான் எங்கள் குற்றத்துக்கு எழுத்துபூர்வமான சாட்சி.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 126-ஆம் பிரிவு ஒருவரைப் போகவிடாமல் தடுப்பதையும், 127-ஆம் பிரிவு அடைத்து வைப்பதையும் சொல்கிறது. ஒப்புதல் வாங்க அடைப்பதற்கான மூன்று வருடம் 127-இன் உட்பிரிவாக அப்படியே இருக்கிறது. பயமுறுத்திப் ‘பத்து மடங்கு’ வாங்குவது 308-இன் கீழ் மிரட்டிப் பணம் பறித்தல். அதற்கு ஏழு வருடம் வரை. பில் கவுண்டர் பக்கத்தில் ‘இவரைத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்று போட்டோ ஒட்டுவது அவதூறு. பிடிபட்டது 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால், அடையாளத்தை வெளியிடுவதே இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி தனிக் குற்றம்.

அப்படியென்றால் கடைக்காரன் திருடனைப் பிடிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கடைக்காரன்தான். வாரத்துக்கு இரண்டு பொருள் காணாமல் போகிறது; அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். பழைய கடையில் இருப்பு குறைந்தால் எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். மணி அடித்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கோபத்தை 21 வயதுப் பெண்ணின் மேல் இறக்கினேன்.

பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 43-ஆம் பிரிவு. இன்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 40. ஆனால் குற்றம் உங்கள் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும். அது போலீஸ் வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீனில் விட முடியாததாகவும் இருக்க வேண்டும். பிடித்தால் தாமதமில்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீசில் ஒப்படைக்க வேண்டும். இந்த 6 மணி நேரம் விசாரணை நடத்தக் கொடுத்த அவகாசம் என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கொடுத்த நேரம் அது. நான் அந்தப் பெண் எதையும் எடுத்ததைப் பார்க்கவில்லை. மணிச் சத்தத்தைத்தான் கேட்டேன்.

புதிய சட்டத்தில் இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. கடைக்காரர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. 5,000 ரூபாய்க்கும் குறைந்த மதிப்புள்ள பொருளை முதல் தடவையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். அட்டவணையில் அது ஜாமீனில் விடக்கூடிய, போலீஸ் நேரடியாகக் கைது செய்ய முடியாத குற்றமாகவே வருகிறது. பவுடர், பிஸ்கட், ஷாம்பு என்று கடையில் களவு போகும் பொருள் ஏறக்குறைய எல்லாமே இந்த வரம்புக்குள் அடங்கும். போலீசுக்கே இல்லாத கைது அதிகாரம் சரக்கு ரூமில் நிற்கும் சூப்பர்வைசருக்கு எங்கிருந்து வரும்?

கடைக்காரர் பில்லைக் காட்டச் சொல்லலாம். பையைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்கலாம். பிடுங்கக் கூடாது, உடம்பில் கை வைக்கக் கூடாது. கைது செய்த பெண்ணைப் போலீஸ் சோதிப்பதானால்கூட ஒரு பெண்தான், கண்ணியம் குறையாமல் செய்ய வேண்டும் என்பது சட்டம். பை காட்ட மறுப்பது திருட்டுக்குச் சாட்சி ஆகாது. சந்தேகம் தீரவில்லையா, கேமரா பதிவை எடுத்து வைத்துப் போலீசில் புகார் கொடுக்கலாம்.

‘நான் கதவைப் பூட்டவில்லையே’ என்று அந்த நாளில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது செல்லாது என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய வழக்கு ஒன்று இருக்கிறது. 1919-ல் லண்டன் அப்பீல் கோர்ட்டில் வந்தது. கிரஹாம்-ஒயிட் ஏவியேஷன் என்ற விமானக் கம்பெனித் தொழிலாளி மீரிங். வார்னிஷ் திருடியதாக அவர் மேல் சந்தேகம். கம்பெனி ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வெளியே காவலாளிகள் நின்றார்கள். தன்னை அடைத்திருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் அது அடைப்புதான் என்று தீர்ப்பு வந்தது. கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, எச்.ஆர். ரூமில் மணிக்கணக்கில் உட்கார வைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, இது லண்டன் கதையாகவே எனக்குத் தோன்றவில்லை.

அதே நாட்டில் 1952-ல் ஜான் லூயிஸ் கடை வழக்கில் பிரபுக்கள் சபை கடைக்குச் சாதகமாகவும் தீர்ப்புச் சொன்னது. ஒரு தாயையும் மகளையும் கடையின் துப்பறிவாளர்கள் பிடித்து, போலீசைக் கூப்பிடலாமா என்று முடிவெடுக்க மேலதிகாரியிடம் கொண்டுபோனார்கள். நியாயமான நேரத்துக்குள் நடந்த அந்தத் தாமதம் தவறில்லை என்றது சபை. கடிதம் எழுதி வாங்கவும் பத்து மடங்கு கறக்கவும் எந்தக் கோர்ட்டும் நேரம் கொடுத்ததாக நான் படித்ததில்லை.

நம் பக்கத்தில் என்ன தொகை கிடைக்கும்? எனக்கு நன்றாகத் தெரிந்த வழக்கு கேரளாவின் ஆற்றிங்கல். 2021 ஆகஸ்ட் 27. தும்பா விண்வெளி மையத்துக்கு ராட்சத லாரியில் போகும் சரக்கை வேடிக்கை பார்க்க ஒரு கூலித் தொழிலாளி தன் 8 வயது மகளைக் கூட்டி வந்திருந்தார். பிங்க் போலீஸ் காரிலிருந்து போனைத் திருடிவிட்டார் என்று ஒரு பெண் போலீஸ் நடுரோட்டில் அவரையும் குழந்தையையும் நிறுத்திக் கேள்வி கேட்டார். குழந்தை கதறியது. போன் அந்தக் காருக்குள்ளேயே, போலீசின் பையிலேயே இருந்தது. அந்த டிசம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி தேவன் ராமச்சந்திரன், குழந்தைக்கு 1.5 லட்சம் ரூபாய் இழப்பீடும் 25,000 ரூபாய் வழக்குச் செலவும் கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டார். அங்கே தவறு செய்தது அரசு ஊழியர். அதனால் நேராக உயர் நீதிமன்றம் போக முடிந்தது. தனியார் கடை என்றால் சிவில் கோர்ட்டோ நுகர்வோர் ஆணையமோதான். தொகை பெரிதாக இருக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அநியாயமாக அடைத்து வைத்ததற்கான சிவில் வழக்கில் பொருள் நஷ்டம், உடல் காயம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமில்லாமல் அடைத்தார்கள் என்பதே போதும். பிறகு அதை நியாயம் என்று நிரூபிக்க வேண்டியது கடையின் பாடு. சூப்பர்வைசர் செய்ததற்கு முதலாளியும் பொறுப்பு. செக்யூரிட்டி கான்ட்ராக்ட் ஏஜென்சி ஆள் என்றால் அந்த ஏஜென்சியையும் சேர்க்கலாம்.

ஆற்றிங்கல் குழந்தைக்குக் கோர்ட் கிடைத்தது. அட்டப்பாடி மதுவுக்குக் கிடைக்கவில்லை. நம் கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய மலை அது. மனநலம் குன்றிக் காட்டுக் குகையில் தங்கியிருந்த 27 வயது ஆதிவாசி. கடையில் அரிசி திருடினான் என்று பிடித்து, கையைக் கட்டி, கூட்டி வந்து அடித்தார்கள். 2018 பிப்ரவரி 22 அன்று செத்துப்போனார். அவரோடு செல்பி எடுத்தவர்கள் உண்டு. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, பெண் பிள்ளையின் கையில் டப்பாவைக் கொடுத்து நான் எடுத்த போட்டோ ஞாபகத்துக்கு வந்தது. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓசூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியிலும் பெங்களூரிலும்தான் துணிமணி எடுக்கிறார். அங்கே இப்படி நடந்தால் அந்த ஊர் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு அந்தப் பயம் தேவையில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்தில், அல்லது வேலை பார்க்கும் இடத்தில் மனுப் போடலாம். அத்திப்பள்ளிக் கடை மேல் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்தில் போடலாம். ஓசூர்க் கடையில் அவமானப்பட்டு ஜார்க்கண்டுக்கே திரும்பிப் போன பெண் அங்கிருந்து போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. போலீஸ் புகாரும் அப்படித்தான். சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் உங்கள் பக்கத்து ஸ்டேஷன் புகாரை வாங்கிப் பதிந்து அந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது.

பிடித்து வைத்தால் என்ன செய்வது? போனைக் கொடுக்காதீர்கள். அங்கிருந்தே 112-க்கு அடியுங்கள். திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவரே போலீசைக் கூப்பிட்டால் கடைக்காரரின் குரல் உடனே இறங்கும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், படிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்தால் கண்டிப்பாகப் போடாதீர்கள். எங்கள் ஃபைலில் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளின் கையெழுத்துகளும் இருந்தன. பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் எழுதி வையுங்கள். வெளியே நின்ற தோழியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், அவள்தான் சாட்சி. மறுநாளே கடைக்குப் பதிவுத் தபாலில், இந்தத் தேதி, இந்த நேரத்துக் கேமரா பதிவை அழிக்காதீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் கடையில் 15 நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அந்தப் பெண்ணின் இரண்டு மணி பத்து நிமிடமும் அப்படித்தான் அழிந்தது.

பணம் இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 1987-ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சிப்காட்டில் லைனில் நிற்கும் ஒவ்வொருவரும் இதில் வருகிறார்கள். ஓசூர் கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. கிருஷ்ணகிரியில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கான போன் நம்பர் 15100.

ஊத்தங்கரைத் தங்கச்சிக்கும் அவர் அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலையை விட்டபோது அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். இன்றும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை, என் கையெழுத்தோடு, எந்த ஸ்டாம்ப் பேப்பரில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்: டப்பா அவருடையது, தப்பு என்னுடையது.